நேரில் பார்வையிட்டேன், திருப்தி

மார்ச் 4

அக்கா,

நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். படித்துவிட்டதற்கு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன். உன் கல்லூரியின் இணையதளத்தில் உன் புகைப்படம் பார்த்தேன். ‘ஆய்வு மாணவர் வழிகாட்டுதல் மையம், ஒருங்கிணைப்பாளர்.’ ஊருக்கெல்லாம் வழி காட்டுகிறாய், என் போனை எடுக்க உனக்கு ஒரு விரல் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நம் ஆய்வகத்திலிருந்து நீ பட்டம் வாங்கிக்கொண்டு போனபோது, ஒரு மாதத்தில் திரும்பி வந்து என் சோதனையைப் பார்க்கிறேன் என்றாய். வரவில்லை. நான் போனில் ‘ஏறின ஏணியை எட்டி உதைச்சுட்டே’ என்றேன். வாய்க்கொழுப்புதான், மன்னித்துவிடு. பாதி மன்னித்தால் போதும், மீதிப் பாதி உண்மை.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. வெளித் தேர்வாளர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார், ஆனால் என்னைக் கொன்றது ஒரே வரி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி உப்புத் தண்ணீரில் எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கிறது என்று பார்க்க நூற்று நாற்பத்து நான்கு கட்டைகளைத் தொட்டியில் ஊறப் போட்டேன் இல்லையா. கட்டைகளின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் எல்லாம் இரும்பு ரேக்கில் பட்டுக்கொண்டிருந்தன. அதனால் மின்சாரத்துக்கு அவை நூற்று நாற்பத்து நான்கு இல்லை, ஒன்றுதான். ஒவ்வொரு செவ்வாயும் நான் தனித்தனியாக அளந்ததெல்லாம் ஒரே அளவைத்தான். என் அட்டவணைகளையும் படத்தையும் வைத்தே தேர்வாளர் அதைப் பிடித்துவிட்டார். ‘இந்த மாணவிக்கு நெறியாளர் இருந்தாரா? ஒரு முறை ஆய்வகத்துக்குள் வந்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பாரே’ என்று தேர்வாளர் கேட்கிறார்.

நான் அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு வழிகாட்டுதல் கிடைக்கவில்லை, வேறு நெறியாளரும் ஒன்றரை வருட அவகாசமும் வேண்டும் என்று மனு கொடுத்தேன். பிரிவு எழுத்தர் என் கோப்பை எடுத்து மேஜையில் வைத்தார். பதின்மூன்று அரையாண்டு அறிக்கைகள். ஒவ்வொன்றிலும் நெறியாளர் குறிப்புக்கான கட்டத்தில் ‘சோதனை அமைப்பை நேரில் பார்வையிட்டேன், திருப்தி’ என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது, கீழே சார் ஒப்பம். ‘எல்லாம் நல்லாத்தானேம்மா இருந்திருக்கு’ என்றார்.

அந்த வாசகத்தை எனக்குக் கொடுத்தவள் நீ. முதல் வருடம் வெற்றுக் கட்டத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது உன் பழைய அறிக்கையை எடுத்துப் போட்டு, ‘இதைப் பார்த்து எழுதிக்கோ, அந்த வால்நட்சத்திரம் வரும்போது நீட்டு, போட்டுடும்’ என்றாய். சாருக்கு அந்தப் பெயரை வைத்தவளும் நீதான்.

27ஆம் தேதி குழு என்னை விசாரிக்கிறது. நம் ஆய்வகத்தில் மாணவர்கள்தான் நெறியாளர் கட்டத்தையும் நிரப்புவது வழக்கம் என்று நீ ஒரு கடிதம் தர வேண்டும். இப்போது இருக்கும் மாணவர்களைக் கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், அவர்களுக்கு இன்னும் அவர் ஒப்பம் வேண்டும். முடித்துவிட்டு வெளியே போனவள் நீ ஒருத்திதான். கடிதம் இல்லையென்றால் பதிவு ரத்து. ஏழு வருடம் அக்கா.

துரு


மார்ச் 11

அன்புள்ள துருவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனை எடுக்காதது தப்புதான். உன் பெயரைத் திரையில் பார்த்ததும், திட்டு வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து அதைக் கவிழ்த்து வைத்தேன். செய்தியில் எதுவும் எழுதாதே, கல்லூரி மின்னஞ்சலுக்கும் அனுப்பாதே. வீட்டு முகவரிக்குக் கடிதமே போடு, அதுதான் எனக்கு நிம்மதி.

மனதைத் தளரவிடாதே. இந்த மையத்துக்கு வாரத்துக்கு நாலைந்து பேராவது உன்னைப் போல வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். முதலில் நெறியாளரை நேரில் பார், எதிரியாக நினைக்காமல் பேசு. உன் பக்கத் தவறை முதலில் ஒப்புக்கொண்டால் பெரியவர்கள் இளகுவார்கள். எங்கள் மையத்தின் கையேடு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் நெறியாளருடன் நல்லுறவு பேணுவது பற்றி இருக்கிறது, நான்தான் எழுதினேன்.

நீ கேட்ட கடிதம் பற்றி யோசித்தேன். அது எல்லா ஆய்வகங்களிலும் நடப்பதுதான், யாருக்கும் தெரியாத ரகசியமா? அதைக் கிளறுவது உனக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று தெரியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடக் கூடாது. என் பணி நிரந்தரமாவதற்கான நேர்காணல் ஏப்ரலில் வருகிறது. தேர்வுக் குழுவில் சாரும் இருக்கிறார். இதற்காக நான் தயங்குகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் நான் என்ன செய்ய முடியும். தயவுசெய்து என் பெயரை மட்டும் எங்கும் சொல்லிவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். எந்த ரேக்? ஜன்னல் பக்கம் இருந்ததா?

அக்கா


மார்ச் 15

அக்கா,

உன் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தை முழுக்கப் படித்தேன். ‘நெறியாளரின் நேரத்தை மதியுங்கள்.’ மதித்தேனே, ஏழு வருடமாக ஒரு நிமிடம்கூட எடுக்காமல் மதித்தேன்.

நீ சொன்னபடி சாரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு நாள் அவர் அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார். கோபமே படவில்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

‘என்னம்மா, நல்லா போய்ட்டிருந்துச்சே?’

‘எது சார்?’

‘உன் வேலைதான். ரிப்போர்ட்ல எல்லாம் திருப்தின்னுதானே இருந்துச்சு.’

‘அதை நான்தானே சார் எழுதுனேன்.’

‘நீ எழுதுனே, நான் படிச்சேன். கஷ்டமா இருக்குன்னு அதுல ஒரு வரி எழுதியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?’

அந்த மனுஷன் நடிக்கவில்லை அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கையில் பத்தொன்பது பேர் இருக்கிறோம். நான் எழுதியதைப் படித்து, தானே நேரில் வந்து பார்த்ததாக அவரே நம்பியிருக்கிறார். நான் எழுந்தபோது, ‘லேப் இன்னும் அந்தப் பழைய கட்டடத்துலதானே இருக்கு?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘ஒரு நாள் வர்றேன்’ என்றார்.

வீட்டில் அண்ணன்தான் மிச்ச உயிரையும் எடுக்கிறான். ‘நீ படிக்கிற நேரத்துல ஒரு கட்டடத்தைக் கட்டி, குடியிருந்து, இடிச்சு, மறுபடி கட்டியிருக்கலாம்’ என்கிறான். அண்ணி அவனை அதட்டுகிறாள், பிறகு அவளே சமையலறையிலிருந்து, ‘எப்போ முடியும்னு ஒரு தேதி மட்டும் சொல்லேன்’ என்கிறாள். அப்பா எதுவும் கேட்பதில்லை. நான் வீட்டுக்குள் வந்தால் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார். அண்ணன் திட்டுவதே மேல்.

நீ கேட்டாயே, ஆமாம், ஜன்னல் பக்கம் இருந்த அதே ரேக்தான். நீ போகும்போது ‘இது ராசியான ரேக், வெச்சுக்கோ’ என்று கொடுத்துவிட்டுப் போனாய். பச்சை பெயிண்ட் அடித்திருந்ததால் இரும்பு என்றே தோன்றவில்லை. தண்ணீருக்குள் பெயிண்ட் உரிந்துபோயிருக்கிறது. நேற்று தொட்டியை வடித்துவிட்டு ஆணியால் சுரண்டிப் பார்த்தேன்.

உன் கட்டைகளும் அதில்தானே இருந்தன?

யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ரேக்கைப் பற்றி நீ எழுத வேண்டாம். கட்டத்தை யார் நிரப்பினார்கள் என்று இரண்டு வரி போதும். அதற்காவது மனசு வை.

துரு


மார்ச் 20

துரு,

என் ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். பட்டம் வாங்கிய நாளுக்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை, அறுபது கட்டைகளின் அளவுகள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். அதற்குக் கீழே நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? ‘இந்தச் சீர்மை குறிப்பிடத்தக்கது.’ என் தேர்வாளர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். அதை வைத்துத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் போய் நின்றால், எதை வைத்துக்கொண்டு இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று தோன்றி, பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். வீட்டுக்காரர், ‘காய்ச்சலா?’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு அந்த வாசகத்தைக் கொடுத்தது நான்தான். ஆனால் அதை நான் எப்படிக் கற்றேன் என்று உனக்குச் சொன்னதில்லை. முதல் அறிக்கையை வெற்றுக் கட்டத்தோடுதான் அவரிடம் கொண்டுபோனேன். அவர் பேனாவை எடுத்தார், பார்த்தார், மூடினார். ‘எழுதிட்டு வாம்மா’ என்றார். நான் போய் நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொண்டு வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார். எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷம், சாருக்கு என்மேல் நம்பிக்கை என்று. பைத்தியக்காரி.

எழுதித் தருகிறேன். கட்டத்தைப் பற்றியும் எழுதுகிறேன், ரேக்கைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டு பேருடைய கட்டைகளும் ஒன்பது வருடம் ஒரே ரேக்கில் இருந்தும் அவர் கண்ணில் படவில்லை என்றால், அதற்கு மேல் குழுவுக்கு என்ன சாட்சி வேண்டும்? 27க்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். என் குழந்தை மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

வரவில்லை.

21ஆம் தேதியிலிருந்து தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். 27 காலையிலும் அவர் வரும்வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவரே பார்த்துவிட்டு, ‘வேலைக்கான ஆர்டராம்மா?’ என்று கேட்டார்.

நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சார் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு. குழுத் தலைவர் பதின்மூன்று அறிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்.

‘இது யாரு எழுத்து?’

‘என்னுதுதான் சார்.’

‘இது?’

‘அதுவும்.’

பதின்மூன்றையும் கேட்டார். முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ‘பதிமூணு தடவை பொய் எழுதியிருக்கேன்னு நீயே சொல்றே. இப்போ சொல்றதை மட்டும் நாங்க எப்படிம்மா நம்புறது?’

அந்த வழக்கம் இருந்தது என்று ஒருவர் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். எங்கே என்றார், வந்துகொண்டிருக்கிறது என்றேன். யார் அவர் என்று குழுவில் இருந்த ஒரு அம்மா கேட்டார். நான் பெயர் சொல்லவில்லை. சார் அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள், எனக்கும் ஒரு கப் கொடுத்தார்கள். பிறகு என்னை வெளியே அனுப்பினார்கள்.

பதிவு ரத்து. அறிக்கைகளில் பொய்யான குறிப்பு எழுதியதற்காக ஒரு வரி கண்டனமும் உண்டு, அது கோப்பில் இருக்குமாம். சாருக்கு அறிவுரை, இனி கவனமாக ஒப்பமிட வேண்டும் என்று. புதிய சான்று இருந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஏப்ரல் 26 கடைசி.

தபாலில் தொலைந்துவிட்டதா அக்கா? அப்படியென்றால் இன்னொன்று எழுது. குழந்தை மேல் சத்தியம் செய்திருக்கிறாய், நான் வேறு எதையும் நினைக்க விரும்பவில்லை. வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. காலையில் எப்போதும் போலக் கிளம்பி ஆய்வகத்துக்கு வந்து வெறும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

துரு


மார்ச் 24

அன்புள்ள துருவுக்கு,

சொன்னபடி கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிட்டிருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை. இன்றே தபாலில் சேர்க்கிறேன், 27க்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். ஒருவேளை தாமதமானால் அது தபால்காரர்கள் செய்த குற்றம், என்னுடையது இல்லை.

குழு உன்னிடம் நியாயமாக நடந்துகொள்ளும். தைரியமாகப் பேசு.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. உள்ளே உன் கடிதத்திலும் அந்த மூன்று பக்கத்திலும் மார்ச் 24 என்று போட்டிருக்கிறாய். உறையில் உங்கள் தபால் நிலைய முத்திரை மார்ச் 31.

என் 28ஆம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறாய். திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன், வரவில்லை. நாமிருவரும் ஒரே இடத்தில் பழகியவர்கள். ஜூலையில் உட்கார்ந்து, சாரோடு நடக்காத பிப்ரவரி சந்திப்புக்குத் தேதி போட்ட கை இரண்டு பேருக்கும் இருக்கிறது.

ஆனால் அந்த மூன்று பக்கம், அக்கா. படித்து அழுதேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அதை யார் படித்தாலும் எனக்கு ஒன்றரை வருடம் கொடுத்துவிடுவார்கள். உனக்கு என்ன ஆகும் என்றும் தெரிகிறது, தெரிந்தே எழுதியிருக்கிறாய். அவ்வளவு பெரிய உண்மைக்குத் தலையில் ஏன் இத்தனூண்டு பொய்?

இந்தத் தேதியோடு இதை நான் கொடுக்க முடியாது. 24ஆம் தேதியே இருந்த கடிதத்தை 27ஆம் தேதி ஏன் காட்டவில்லை என்று தலைவர் கேட்பார். தபாலில் தாமதம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். உறையைக் காட்டு என்பார். அதோடு உன் மூன்று பக்கமும் போச்சு, என் பேச்சும் போச்சு. அதைவிட, நடக்காத ஒன்றின் கீழே இன்னொரு தடவை என் பெயரைப் போட என்னால் ஆகாது. பதின்மூன்று போதும்.

அதனால் திருப்பி அனுப்புகிறேன். எதையும் மாற்றாதே. தேதியை மட்டும் அடித்துவிட்டு, நீ எழுதிய நாளைப் போட்டு, பக்கத்தில் ஒப்பம் வை. பயந்ததால் தாமதம் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது, பயப்படாதவர் யார்? 26க்கு முன்னால் என் கையில் இருக்க வேண்டும். நேரம் இருக்கிறது.

வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணன் கிண்டல் செய்யவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு, ‘மேல்முறையீடுன்னா திரும்பக் கேப்பாங்கதானே?’ என்றார். கேட்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

துரு


ஏப்ரல் 19

துரு,

உன் கடிதமும் என் கடிதமும் சேர்ந்து வந்தன. பத்து நாளாக அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று முன்தினம் நேர்காணல் நடந்தது. சார் வந்திருந்தார். ‘என் முதல் மாணவிகளில் ஒருத்தி, நானே பக்கத்துல இருந்து பார்த்த வேலை’ என்று எல்லோரிடமும் சொன்னார். நான் நன்றி சார் என்றேன்.

இன்று காலை உத்தரவு வந்தது. வீட்டுக்காரர் தம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்கிறார். என் பெண் கூடத்தில் குதிக்கிறாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

என்ன சொன்னாலும் சாக்குதான். நீ கேட்டது நியாயம், ஒரு தேதியைத்தான் கேட்டாய். அந்தத் தேதியைப் போட்டால் நான் யார் என்று எனக்கே தெரிந்துவிடும், அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் கோழை, துரு. இதை ஒப்பமிட்டுத் தரச் சொன்னால் தருவேன், மற்றதைத் தர முடியாது.

எங்கள் மையத்துக்கு ஒரு உதவியாளர் எடுக்கப்போகிறார்கள். வருகிற மாணவர்களின் குறைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலை. உன் பெயரைச் சொல்லட்டுமா? இப்படிக் கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

உதவியாளர் வேலை வேண்டாம்.

நேற்று மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள். உன் மற்றக் கடிதங்களைக் காட்ட மனம் வரவில்லை, கொடுக்க வேறு ஒன்றும் இல்லை, ஆனாலும் போனேன். அலுவலக வராந்தாவில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். கிழித்ததாகத்தானே எழுதியிருக்கிறாய், ஒருவேளை ஒட்டி எடுத்துக்கொண்டு நீயே நேரில் வந்து நிற்பாய் என்று ஒரு நப்பாசை. படிக்கட்டில் யார் ஏறினாலும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எழுத்தர் கவுன்ட்டரை மூடும்போது, ‘யாராவது வரணுமாம்மா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘அப்ப வீட்டுக்குப் போம்மா, மூஞ்சியே சரியில்ல’ என்றார்.

உன் ஆய்வேட்டைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன். அதற்காக நீ இனி பயப்பட வேண்டாம். உன்மேல் கோபம்கூட முழுசாக வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கடிதக் கதையை மட்டும் சொன்னேன், உன் கடிதம் வந்தது, நான் திருப்பி அனுப்பியது, நீ கிழித்தது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணி தட்டை வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

‘அதை ஒரு ஜெராக்ஸ்கூட எடுத்து வெச்சுக்கலையா நீ?’ என்று அண்ணன் கேட்டான்.

எடுக்கலை என்றேன்.

‘ஏன்?’

‘அக்காதானேன்னு எடுக்கலை’ என்றேன்.